ஆலை விளையாட்டும் அளவறிதலும்

விளையாட்டு என்றவுடன் அது பொழுதைக் கழித்தற்கு உரியதேயன்றி அறிவை வளர்த்தற்கு உரியதன்று என எண்ணுவார் பலர். யாமும் ஓராண்டிற்கு முன்னர் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அன்றியும், இலக்கண இலக்கியங்களைச் சிறப்புப் பாடமாகக் கொண்டார்க்கு உலையும் யந்திரமும் எற்றுக்கு என்று வினவுவாரும் உளராவர். ஆயினும், சென்ற கோடை விடுமுறையிற் கணினி விளையாட்டொன்றில் யாம் அரிதின் முயன்று கட்டிய ஆலையொன்று எம் கண்முன்னரே ஒளி மழுங்கி நின்றுபோயிற்று. அது நின்றதன் காரணத்தை ஆராயப் புகுந்தவிடத்து யாம் அறிந்துகொண்டன, விளையாடுவார்க்கேயன்றிப் பிறர்க்கும் பயன்படுமென்று தோன்றினமையின், அவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவ்விளையாட்டின் பெயர் ஃபாக்டோரியோ என்பது. செக் நாட்டின் தலைநகராகிய பிராகு நகரத்தில் உள்ள வூபே என்னும் மென்பொருள் நிறுவனத்தார் இதனை ஆக்கினர். 2013ஆம் ஆண்டிற் பொதுமக்கள்பால் இணையவழியே பொருளுதவி பெற்று வளர்ந்த இம்முயற்சி, 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் முழுப் பதிப்பாக வெளிவந்தது. விண்கலம் உடைந்து, முன்பின் அறியாத கோளொன்றில் தனித்து வீழ்ந்த பொறியாளன் ஒருவனே இதன் தலைவன். அவன் முதலிற் கையினால் இரும்புக் கல்லையும் செப்புக் கல்லையும் நிலக்கரியையும் அகழ்வான். பின்னர் அவற்றைக்கொண்டு யந்திரங்களை ஆக்குவான். அவ்யந்திரங்களே வேறு யந்திரங்களை ஆக்குமாறு ஒழுங்கு செய்வான். முடிவில் விண்ணிற் செல்லும் ராக்கெட்டு ஒன்றைச் செலுத்துவான். இவ்வாலையிற் கூலியாள் ஒருவனும் இலன். துளைப்பொறி கல்லை அகழும். ஓடுபட்டை அதனைச் சுமந்து செல்லும். யந்திரக் கை அதனை எடுத்து உலையில் இடும். உலை அதனைத் தகடாக்கும். பொருத்து யந்திரம் தகட்டினைப் பல்சக்கரமாகவும் பிறவாகவும் மாற்றும். விளையாடுவானுக்கு உரிய தொழில் இவற்றை எங்கே, எத்துணை வைப்பது என்று வகுப்பதொன்றே.

அவ்வகுத்தற்றொழிலில் யாம் எங்ஙனம் பிழைத்தோம் என்பதை முதற்கண் கூறுவோம். இவ்விளையாட்டில் ஆராய்ச்சிக்கூடங்கள் உள. புதிய யந்திரங்களை அறிதற்குச் செந்நிறக் குப்பிகளையும் பசுநிறக் குப்பிகளையும் அக்கூடங்களுக்கு இடைவிடாது அனுப்புதல் வேண்டும். எம் ஆலையில் இவை மிக மெல்ல வந்தன. செங்குப்பி செய்யும் யந்திரங்கள் பத்தும் பெரும்பாலும் வெறுமனே நிற்கக் கண்டோம். கண்டவுடனே, யந்திரம் போதாதென்று கருதி மேலும் பத்தினை நாட்டினோம். குப்பிகள் மிக்கு வந்திலவாக, முன்னர் ஓரளவு வந்துகொண்டிருந்த பசுங்குப்பிகளும் குறைந்தன. அப்பொழுது கணிதப் பகுப்பிற் பயிலும் எம் விடுதி நண்பர் ஒருவர் அருகிருந்து நோக்கி, "நொடிக்கு எத்தனை குப்பி வேண்டுமென்று நீர் கணக்கிட்டீரா?" என்று வினவினார். யாம் விடையின்றி நின்றோம். வெண்பாவில் ஓரசை பிறழினும் தளை தட்டிற்றென்று பிறர் பாட்டிற் குற்றங் காணும் யாம், எம் ஆலையில் ஒன்றனையும் எண்ணிற்றிலேம் என்பது அப்பொழுதே எமக்கு விளங்கிற்று.

நிற்க. திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றனையும் 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். அவை வினைமேற் செல்லும் அரசனை நோக்கியனவாயினும், ஆலை வகுப்பானுக்கும் அறியவேண்டுவன இம்மூன்றே என்பது எம் கருத்து. ஒவ்வொரு பொறியும் எத்துணை ஆற்றவல்லது என்பது வலி. அதற்கு எத்துணை நொடி செல்லும் என்பது காலம். அதனை எங்கே நிறுத்துவது என்பது இடம். இம்மூன்றனையும் அறிதற்கு வழியாதெனின், தொடக்கத்தினின்று முன்னோக்கிச் செல்லாது, வேண்டிய முடிவினின்று பின்னோக்கி எண்ணி வருதலாம். அதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம்.

நொடிக்குச் செங்குப்பி ஒன்றும் பசுங்குப்பி ஒன்றும் வேண்டுமென்று கொள்வோம். செங்குப்பி ஒன்றிற்குச் செப்புத்தகடு 1, பல்சக்கரம் 1 வேண்டும். அதற்கு விதித்த காலம் 5 நொடி. பசுங்குப்பி ஒன்றிற்கு யந்திரக் கை 1, ஓடுபட்டைத் துண்டு 1 வேண்டும். அதற்கு விதித்த காலம் 6 நொடி. முதல் வகைப் பொருத்து யந்திரம் பாதி வேகமே உடையதாதலின், அதன்கண் இவை முறையே 10 நொடியும் 12 நொடியும் ஆகும். ஆகவே நொடிக்கு ஒவ்வொன்று பெறுதற்குச் செங்குப்பி யந்திரம் 10, பசுங்குப்பி யந்திரம் 12 வேண்டுமென்பது தெளிவு. யாம் முதலில் நாட்டிய பத்தே போதுமானவை. பின்னர்ச் சேர்த்த பத்தும் மிகை.

இனி ஒருபடி பின்னே செல்வோம். யந்திரக் கை ஒன்றிற்கு மின்சுற்றுப் பலகை 1, பல்சக்கரம் 1, இரும்புத்தகடு 1 செல்லும். ஒரு பல்சக்கரமும் ஓர் இரும்புத்தகடும் சேர்ந்து இரண்டு ஓடுபட்டைத் துண்டுகளைத் தரும். ஆதலின் ஒரு துண்டிற்கு ஒவ்வொன்றிலும் பாதியே போதும். மின்சுற்றுப் பலகை ஒன்றிற்கு இரும்புத்தகடு 1, செப்புக்கம்பி 3 வேண்டும். செப்புத்தகடு ஒன்று இரண்டு கம்பியாகும். பல்சக்கரம் ஒன்றிற்கு இரும்புத்தகடு 2 செல்லும். இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், நொடிக்குப் பல்சக்கரம் 2.5 வேண்டும், அவற்றிற்கு இரும்புத்தகடு 5 ஆகும். கைக்கு 1, பட்டைக்கு 0.5, மின்சுற்றுப் பலகைக்கு 1 எனக் கூட்ட, நொடிக்கு வேண்டிய இரும்புத்தகடு 7.5 என்றாகும். செப்புத்தகடோ, குப்பிக்கு 1, கம்பிக்கு 1.5, ஆக 2.5 ஆகும்.

இன்னும் ஒருபடி பின்னே செல்வோம். கல்லுலை ஒன்று தகடு ஒன்றனை ஆக்க 3.2 நொடி கொள்ளும். ஆகவே இரும்பிற்கு 24 உலைகளும் செம்பிற்கு 8 உலைகளும் வேண்டும். மின்சாரத் துளைப்பொறி ஒன்று இரண்டு நொடிக்கு ஒரு கல் அகழும். எனவே இரும்பிற்கு 15 பொறியும் செம்பிற்கு 5 பொறியும் போதும். இங்ஙனம் குப்பியினின்று தொடங்கிச் சுரங்கம்வரை சென்ற பின்னரே எம் ஆலையின் நோய் புலனாயிற்று. எம்மிடம் இருந்த இரும்புலைகள் பன்னிரண்டே. வேண்டியதிற் சரிபாதி இரும்பே ஆக்கிக்கொண்டு, அதனை உண்ணும் வாய்களை மட்டும் பெருக்கியிருந்தோம். புதிய பத்து யந்திரங்களும் அவ்விரும்பிலேயே பங்குகொண்டமையாற் பசுங்குப்பிகள் குன்றின. ஏரியின் மதகு இடுங்கியிருக்கக் கடைமடையில் வாய்க்கால்களைப் பெருக்குவார் செயலன்றோ எம் செயல்? நீர் வாராமை கடைமடையிற் காணப்படும். அதன் காரணமோ மதகின்கண் இருக்கும்.

இவ்விடுங்கிய இடத்தைக் கணக்கின்றியும் கண்டறிதற்கு ஒரு வழியுண்டு. நின்றுபோன யந்திரங்களெல்லாம் ஒரு காரணம்பற்றி நின்றன அல்ல. உணவு வாராமையால் நிற்பது ஒன்று. ஆக்கிய பொருளைக் கொள்வார் இன்மையால் நிற்பது மற்றொன்று. பின்னது குற்றமன்று, தேவை நிறைவெய்தியது என்பதற்கே அஃது அறிகுறி. பொருள் நிறைந்து அசையாது நிற்கும் பட்டையைக் கண்டு புதிதாய் விளையாடுவார் அஞ்சுவர், அஞ்சவேண்டுவதில்லை. ஆலையின் கடைசியினின்று பட்டையின்வழியே பின்னோக்கி நடந்து செல்க. பொருள் அருகி ஓடும் பட்டையும் பொருள் செறிந்து நிற்கும் பட்டையும் எங்கே சந்திக்கின்றனவோ, அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பொறியே இடுக்கு. அதன் முன்னர் உணவு மிகுந்திருக்கும். பின்னர் விளைவு குறைந்திருக்கும். அஃதொன்றனையே பெருக்குக, ஏனையவற்றைத் தொடாதொழிக.

பண்டம் சேமிக்கும் பெட்டியும் இவ்விடுக்கினை மறைத்துவிடும் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். மரப்பெட்டி ஒன்றில் 16 அறைகள் உள. அறை ஒன்றிற் பல்சக்கரம் நூறு அடங்கும். நொடிக்கு ஒரு சக்கரமாக 1,600 சக்கரமும் நிரம்ப 26 நிமிடத்திற்கு மேலாகும். அதுகாறும் பிறர்க்குச் செல்லவேண்டிய இரும்பெல்லாம் ஒருவர்க்கும் பயனின்றிப் பெட்டியுட் கிடக்கும். ஏற்கெனவே நிரம்பிய பெட்டியோ, சுரங்கம் வற்றிய பின்னரும் சிறிதுநேரம் பொருள் தந்து, ஆலை நலமாயிருப்பதுபோற் காட்டி ஏமாற்றும். ஆகவே பெட்டியில் இரண்டொரு அறைகளை மட்டும் திறந்துவைத்து, எஞ்சியவற்றை அடைத்துவிடுதல் நன்று. அவ்வசதி விளையாட்டிலேயே உளது.

இனி இடனறிதலைப்பற்றிச் சில கூறுவோம். மஞ்சள் நிற ஓடுபட்டை நொடிக்கு 15 பொருள்களைச் சுமக்கும். அதற்கு இரு பக்கம் உண்டு. பக்கம் ஒன்றிற்கு 7.5 பொருளாம். மேலே யாம் கணக்கிட்ட இரும்புத்தகடுகள் சரியாக ஒரு பக்கத்தை நிரப்புவன என்பது காண்க. எனவே ஒரு பட்டையின் ஒரு பக்கத்தில் இரும்பும் மறுபக்கத்திற் செம்பும் செலுத்தி, இவ்வாலை முழுவதையும் ஒரே பட்டையினால் ஊட்டலாம். ஆயின், எப்பொருளைப் பட்டையில் ஏற்றுவது, எதனை ஏற்றாதொழிவது என்பதற்கு ஒரு விதி வேண்டுமன்றோ? யாம் கண்ட விதி இது: ஆக்குங்கால் எண்ணிக்கை சுருங்கும் பொருளைச் சுரங்கத்தின் அருகே ஆக்கிப் பட்டையில் ஏற்றுக; எண்ணிக்கை பெருகும் பொருளை வேண்டுமிடத்திலேயே ஆக்குக. இரண்டு தகடு ஒரு சக்கரமாதலின், சக்கரத்தைச் சுமப்பது பட்டைக்குப் பாதிச் சுமையே. ஐந்து இரும்புத்தகடு ஓர் எஃகுத்தகடாதலின், எஃகினைச் சுமப்பது அதனினும் எளிது. செம்போ அங்ஙனமன்று, தகடு ஒன்று இரண்டு கம்பியாதலின், கம்பியைச் சுமப்பது இருமடங்கு சுமை. ஆதலாற் கம்பி செய்யும் யந்திரத்தை மின்சுற்று யந்திரத்தின் அருகிலேயே நிறுத்தி, ஒரு யந்திரக் கையினால் நேரே மாற்றிவிடுதல் சிறப்பு. ஒரே வேகமுள்ள கம்பி யந்திரம் மூன்று, மின்சுற்று யந்திரம் இரண்டினுக்குச் சரியாய் ஈடுசெய்யும்.

இத்துணையும் அறிந்து, மிகையான யந்திரம் பத்தினையும் அகற்றி, உலைகளை இருபத்துநான்காக்கி, துளைப்பொறிகளையும் கணக்கின்படி நிறுவினோம். குப்பிகள் வரிசை வரிசையாய் வரத் தொடங்கின. எம் மகிழ்ச்சி நெடிது நின்றிலது. சிறிது நேரத்தில் யந்திரக் கைகள் தளர்ந்து ஆடின, விளக்குகள் மங்கின, ஆலை முழுவதும் ஓய்ந்தது. முன்னர்க் கூறிய இருள் இதுவே.

காரணம் யாதென ஆராய்ந்தோம். எம்மிடம் நீராவி யந்திரம் நான்கும் கொதிகலம் இரண்டும் இருந்தன. நீராவி யந்திரம் ஒன்று 900 கிலோவாட்டு மின்சாரம் தரும். நான்கும் சேர்ந்து 3,600 ஆகும். துளைப்பொறி ஒன்றிற்கு 90 கிலோவாட்டு, இருபதிற்கு 1,800. பொருத்து யந்திரம் ஒன்றிற்கு 75. குப்பிக்கு 22, சக்கரத்திற்கு 3, கம்பிக்கு 2, மின்சுற்றுப் பலகைக்கும் கைக்கும் பட்டைக்கும் ஒவ்வொன்றாக முப்பதிற்கு 2,250. இவையே 4,050 ஆகின்றன. யந்திரக் கைகளும் நிலக்கரித் துளைப்பொறிகளும் உண்பது வேறு. இரும்பு போதாதிருந்த காலத்துப் பாதி யந்திரங்கள் வேலையின்றி நின்றமையால், மின்சாரக் குறை வெளிப்படாதிருந்தது. இரும்பென்னும் இடுக்கினை நீக்கியவுடன், மின்சாரமென்னும் இடுக்கு தலைகாட்டிற்று.

அம்மட்டோ? கொதிகலம் ஒன்று முழுவேகத்தில் நொடிக்கு 0.45 நிலக்கரியை எரிக்கும், இரண்டிற்கு 0.9. கல்லுலைகள் முப்பத்திரண்டும் நொடிக்கு 0.72 எரிக்கும். ஆக வேண்டுவது 1.62. எம் நிலக்கரித் துளைப்பொறிகள் மூன்றும் தருவதோ 1.5. அன்றியும், நிலக்கரிப் பட்டை உலைகளைக் கடந்த பின்னரே கொதிகலத்தை அடையுமாறு அமைத்திருந்தோமாதலின், குறையெல்லாம் கொதிகலத்தின் மேலதாயிற்று. கரி குறையவே மின்சாரம் குறைந்தது. மின்சாரம் குறையவே கரி அகழும் பொறிகளும், கரியைக் கொதிகலத்தில் இடும் கைகளும் தளர்ந்தன. அவை தளரவே கரி இன்னும் குறைந்தது. காரியமே காரணத்திற்குக் காரணமாகி, சுழலிற் பட்ட ஓடம்போல ஆலை ஆழ்ந்துபோயிற்று.

இதற்கு மருந்து மூன்று கண்டோம். நிலக்கரிப் பட்டையை முதற்கண் கொதிகலங்களுக்கே செலுத்தினோம். கொதிகலத்தின் அருகே மின்சாரக் கைகளை நீக்கி, நிலக்கரியையே தமக்கு உணவாகக் கொண்டு இயங்கும் கைகளை நாட்டினோம். அவை மின்சாரம் அற்றவிடத்தும் நில்லா. கொதிகலம் நான்கு, நீராவி யந்திரம் எட்டு, நிலக்கரித் துளைப்பொறி ஆறு எனப் பெருக்கினோம். கையினாற் சிறிது கரியை அகழ்ந்து கொதிகலத்தில் இட்டவுடன் ஆலை உயிர்பெற்றது, அதன்பின் இருளவில்லை. ஒரு தொழில் எதனால் உயிர்வாழ்கின்றதோ, அதனை அத்தொழிலின் விளைவையே நம்பி நிற்குமாறு வைத்தலாகாது என்பது இதனால் யாம் பெற்ற பாடம்.

இனி ஓர் ஐயம் எழலாம். இக்கணக்கினைக் கொண்டு உண்மையான ஆலையையும் வகுத்துவிடலாமோ என்பது அது. அமெரிக்க நாட்டில் ஹென்றி ஃபோர்டு என்பார் ஹைலண்டு பார்க்கு என்னும் ஊரிலிருந்த தம் மோட்டார் ஆலையில், 1913ஆம் ஆண்டில், ஆக்கப்படும் வண்டி நகர்ந்துசெல்லத் தொழிலாளர் நின்ற இடத்திலேயே நின்று வேலைசெய்யும் முறையைப் புகுத்தினார். அதற்குமுன் வண்டியின் அடிச்சட்டம் ஒன்றனைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் சென்றது. அம்முறையினாலோ 1 மணி 33 நிமிடமே சென்றது. எண்ணளவில் இதனினும் சிறந்த வெற்றி வேறில்லை. ஆயின், நாள்முழுதும் ஒரே செயலைச் செய்யப் பொறாத தொழிலாளர் பெருந்தொகையினராய் வேலையை விட்டு நீங்கினர். 1914ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நாளொன்றிற்கு எட்டுமணி வேலையும் ஐந்து டாலர் ஊதியமும் அறிவித்த பின்னரே அவர்கள் நிலைபெற்றனர். விளையாட்டில் வரும் யந்திரக் கை அலுப்பறியாது. வேலையின்றி நிற்பினும் பசியறியாது. ஆகலின் அங்கே எண்ணொன்றே போதுமாயிற்று. மாந்தர் நிற்கும் வரிசையிலோ, எண்ணிற்குள் அடங்காத ஒன்று ஒவ்வோர் இடத்தும் நிற்கின்றது. அதனை மறந்து வகுப்பார், எம் முதலாலையைப்போலவே, தாம் எண்ணாது விட்ட ஒன்றினாலேயே இடர்ப்படுவர்.

இதுகாறும் கூறியவாற்றான், முடிவை முதலில் வரையறுத்தலும், அதனினின்று பின்னோக்கி எண்ணுதலும், குறை தோன்றும் இடமும் குறை பிறக்கும் இடமும் வேறென்று உணர்தலும், ஓரிடுக்கினை நீக்கியவழி மற்றோரிடுக்கினை எதிர்நோக்குதலும் ஆலை வகுப்பானுக்கு இன்றியமையாதன என்பது பெறப்படும். எம் நண்பர் வினவிய அவ்வொரு வினாவை யாம் இப்பொழுது ஆலைக்கு வெளியேயும் எம்மை வினவிக்கொள்கின்றோம். தேர்விற்கு இன்னும் எத்தனை நாள், நாளொன்றிற்கு எத்தனை பக்கம் என்று கடையினின்று எண்ணியவிடத்து, எம் இடுக்கு நூல்களின் பெருக்கமும் அன்று, நாள்களின் சுருக்கமும் அன்று, இரவெல்லாம் விளையாடிய விளையாட்டே என்பது தெரியவந்தது. ஆகவே அவ்வாலையைத் தேர்வு முடியுங்காறும் பூட்டிவைத்துள்ளோம். நிலக்கரி நிறைய இருக்கின்றது. மீண்டும் செல்லும்பொழுது அது இருண்டிராது என்னும் நம்பிக்கை எமக்கு உண்டு.